சிலோன் கல்லுக்குள்ள இருந்த ஈயம்

"சேர், ஈயத்தை எந்த ஊர்ல இருந்து எடுத்தாலும் சார் அணுத்திணிவு ஒண்ணுதானே?"

மாத்தளையில என்னோட ஏ.எல். கெமிஸ்ட்ரி வகுப்புல ஒரு பிள்ளை கேட்ட கேள்வி. அதிகம் வாய் திறக்காத பிள்ளை. திடீர்னு கேட்டுருச்சு.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஏன்னா இதே கேள்வியை 1914-ல உலகத்துப் பெரிய ரசாயனக்காரங்க எல்லாம் மண்டையைப் பிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. அதுக்கு மிகத் தெளிவான பதில்கள்ல ஒண்ணு எங்கே இருந்து வந்துச்சு தெரியுமா?

நம்ம இலங்கைக் கல்லுல இருந்து.

வகுப்புல அரைவாசிதான் சொல்ல முடிஞ்சது (ரத்தோட்டை பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைங்க பையைத் தூக்கிட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது). அதனால இங்கே முழுசா எழுதுறேன். கெமிஸ்ட்ரி படிக்காதவங்களும் வாசிக்கலாம், பயப்படாதீங்க. பெருக்கல், கூட்டல், ஒரே ஒரு வகுத்தல். அவ்வளவுதான்.

முதல்ல கணக்கு.

ஒரு மூலகத்தோட அணுக்கள் எல்லாமே ஒரே திணிவு இல்லை. குளோரினை எடுத்துக்குங்க. 35 திணிவெண் உள்ளது ஒண்ணு, 37 உள்ளது இன்னொண்ணு. இதைத்தான் நாங்க சமதானின்னு படிப்பிக்கிறோம் (தமிழ்நாட்டுப் பக்கம் ஐசோடோப்புன்னே சொல்றாங்க). ரசாயனக் குணம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், கனத்துலதான் வித்தியாசம்.

பிள்ளைங்க உடனே என்ன செய்யும்? 35-ஐயும் 37-ஐயும் கூட்டி ரெண்டால பிரிக்கும். 36.

இதை விளங்கப்படுத்த நான் எத்தனையோ வழி பார்த்தேன். கரும்பலகையில கலர் சோக்கால வட்டம் வரைஞ்சேன், சூத்திரத்தைப் பெட்டி போட்டு எழுதினேன், ஒண்ணும் ஒட்டல. கடைசியில மாத்தளைக்காரனுக்கு மாத்தளை வழிதான். மிளகு.

கடைக்கு 100 கிலோ மிளகு கொண்டு போறீங்கன்னு வைங்க. அதுல 75 கிலோ சாதாரண மிளகு, கிலோ 1,500 ரூபா. 25 கிலோ நல்ல திரண்ட மிளகு, கிலோ 1,900. கடைக்காரர் "ரெண்டையும் கூட்டி ரெண்டால பிரிச்சா 1,700, அதுதான் சராசரி"ன்னு சொன்னா அவருக்கு நட்டம். முக்கால்வாசி மலிவு மிளகு ஆச்சே! 75-ஐ 1,500-ஆல பெருக்கி, 25-ஐ 1,900-ஆல பெருக்கி, கூட்டி, 100-ஆல பிரிச்சா 1,600. அதுதான் சரி. எது கூட இருக்கோ அது சராசரியைத் தன் பக்கம் இழுக்கும்.

மிளகுத் தோட்டத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது சொல்லி முடிக்க முன்னாடியே விளங்கிருச்சு. குளோரினும் ஏறத்தாழ இதே 75க்கு 25தான். 35-ஐ முக்காலாலயும் 37-ஐ காலாலயும் பெருக்கிக் கூட்டினா 35.5. நம்ம பரீட்சையில கல்குலேட்டர் கொண்டுபோக விட மாட்டாங்க, அதனால இந்த முழு எண்ணுங்களே போதும்.

நுணுக்கமா வேணும்னா 34.969 தர 0.7577, கூட்டல் 36.966 தர 0.2423. விடை 35.453. ஆவர்த்தன அட்டவணையில இருக்கிற சார் அணுத்திணிவு இப்படித்தான் வந்துச்சு.

இப்போ முக்கியமான ஒரு விஷயம். 35.5 திணிவுள்ள குளோரின் அணு உலகத்துல ஒண்ணு கூட இல்லை. எங்கேயும் இல்லை. அது ஒரு கூட்டத்தோட குணம், தனி ஆளோட குணம் இல்லை. புரோமீனைப் பாருங்க, 79.9. "கிட்டத்தட்ட 80, அப்போ 80 திணிவெண்தான் கூட இருக்கும்"னு பிள்ளைங்க எழுதிட்டு வருவாங்க. இயற்கையில இருக்கிற புரோமீன் 79-உம் 81-உம் மட்டும்தான், கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. நடுவுல 80 காலி.

ஈயம் இதை விட மோசமா ஏமாத்தும். 207.2. பார்த்தவுடனே 207தான் நிறைய இருக்கும்னு தோணும். ஆனா சாதாரண ஈயத்துல 208தான் பாதிக்கு மேல, 52.4 வீதம். 206 வந்து 24.1. நம்ம 207 வெறும் 22.1. மிச்சம் 1.4 வீதம் 204. போட்டுப் பாருங்க, கூட்டினா 207.2தான் வரும்.

சரி. இந்த இடத்துல எனக்கு நீண்ட காலமா ஒரு மனக்குறை உண்டு. கணக்குல இந்த வீதத்தை எல்லாம் "தரப்பட்டுள்ளது"ன்னு போட்டு முடிச்சிடுறோம். 75.77, 52.4, 24.1… வானத்துல இருந்து விழுந்த இலக்கம் மாதிரி. அது எங்கே இருந்து வந்துச்சு, எப்பவும் அப்படியேதான் இருக்குமா, எந்த ஊர்லயும் அப்படித்தானான்னு யாரும் கேக்கறதில்லை. சூத்திரம் பாடம், விடை பாடம், பாஸ்ட் பேப்பர் பத்து வருசம், முடிஞ்சுது. அந்தப் பிள்ளை கேட்டது சரியா அந்த இடத்தைத்தான்.

அந்த இடத்துல நிக்கிறதுதான் நம்ம கல்லு.

நேர்மையாச் சொல்லணும், கல்லு மாத்தளைக் கல்லு இல்லை. (எலஹெரப் பக்கம் மாணிக்கக் குழி இருக்குதான், ஆனா இந்தக் கதை அங்கே நடக்கல.) சபரகமுவ மாகாணம், இரத்தினபுரிப் பக்கம், பம்பரபொட்டுவ. 1904-ல அங்கத்து ஆத்துச் சரளையில இருந்து கறுப்பா, சின்னச் சின்னச் சதுரக் கட்டியா ஒரு கனிமம் வந்துச்சு. கையில எடுத்தா கனம், இரும்பை விடக் கனம். அதை உலகத்துக்குத் தெரியப்படுத்தினவர் அப்போ இலங்கைக் கனிம ஆய்வுக்குப் பொறுப்பா இருந்த ஆனந்த குமாரசுவாமி.

ஆமா, அவரேதான். நடராசர் சிலையைப் பத்தி உலகத்துக்கே பேசின ஆனந்த குமாரசுவாமி. முத்து குமாரசுவாமியோட மகன், பொன்னம்பலம் இராமநாதனுக்கு மச்சான் முறை. கலையைப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி அவர் கல்லுக்காரர். 1903-ல இருந்து 1906 வரைக்கும் காடு மேடெல்லாம் அலைஞ்சு கல்லுப் பொறுக்கினவர். கலை அறிஞரா அவரைக் கொண்டாடுற நாம இதைச் சொல்லாம விட்டுடறோம், எனக்கு அது பெரிய வருத்தம்.

அந்தக் கல்லை லண்டனுக்கு அனுப்பினாங்க. அங்கே விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தார். பெரும் பங்கு தோரியம், கூடவே யுரேனியமும் கணிசமா இருந்துச்சு. தோரியனைட்னு பேர் வச்சார். அந்தக் காலத்துல தோரியத்துக்கு நல்ல கிராக்கி. பெட்ரோமாக்ஸ் லைட்டுல மாட்டுற மாண்டில் இருக்கே, அது வெள்ளையாப் பளிச்சுன்னு எரிய அப்போ தோரியம்தான் சேர்த்தாங்க. அதனால இலங்கைக் கல்லு ஐரோப்பாவுல பல ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு.

1905-ல லண்டன்ல வில்லியம் ராம்சேகிட்ட வேலை பழகிக்கிட்டிருந்தார் ஒரு ஜெர்மன் பையன். ஓட்டோ ஹான். நம்ம தோரியனைட்டுல இருந்து எடுத்த பொருள்ல ரேடியம் தேடப் போனவர், வேற ஒண்ணைக் கண்டுபிடிச்சார். ரேடியோதோரியம்னு பேர் வச்சார். (பின்னாடி அணுப் பிளவுக்கு நோபல் பரிசு வாங்கினவர் இவர்தான். முதல் கண்டுபிடிப்பு இலங்கைக் கல்லுல!) அதுக்குப் பிறகுதான் வேடிக்கை. ரேடியோதோரியத்தையும் தோரியத்தையும் ரசாயன முறையில பிரிக்கப் பார்த்தாங்க, முடியல. எந்த அமிலம், எந்த உப்பு, எதுக்கும் மசியல. ரெண்டும் ஒட்டிக்கிட்டே வருது. கதிர்த்தொழிற்பாடு வேற வேற, ரசாயனம் மட்டும் அச்சு அசல் ஒண்ணு.

இப்படிப் பிரிக்க முடியாத சோடிகள் ஒண்ணொண்ணாச் சேர்ந்துதான் ஃபிரெடரிக் சொடியை யோசிக்க வச்சுச்சு. 1913-ல அவர் சொன்னார்: ஆவர்த்தன அட்டவணையில ஒரே கட்டத்துல வேற வேற திணிவுள்ள அணுக்கள் இருக்க முடியும்.

சொல்லிட்டார். நிரூபிக்கணுமே?

அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிசு, எங்க பிள்ளைங்களே போடும். யுரேனியம் 238. அது சிதைஞ்சு சிதைஞ்சு 8 அல்பாத் துணிக்கையை வெளியே விடுது, ஒவ்வொண்ணும் திணிவு 4, அப்போ 32 போயிருச்சு. மிச்சம் 206. அது ஈயம். தோரியம் 232. 6 அல்பா, 24 போயிருச்சு. மிச்சம் 208. அதுவும் ஈயம்!

அப்போ யுரேனியக் கல்லுல பிறந்த ஈயம் லேசா இருக்கணும், தோரியக் கல்லுல பிறந்த ஈயம் கனமா இருக்கணும். கடையில கிடைக்கிற சாதாரண ஈயம் ரெண்டுக்கும் நடுவுல, 207.2.

யுரேனியக் கல்லு தேடறது கஷ்டமில்லை. யுரேனியம் அதிகம் கலக்காத தோரியக் கல்லு வேணுமே? அதுவும் இலங்கையில இருந்துதான் கிடைச்சது. தோரியனைட் இல்லை இது, அதோட சொந்தக்காரக் கனிமம், தோரைட். தோரியம் நிறைய, யுரேனியம் ரொம்பக் கொஞ்சம். சொடியும் ஹைமன்னு அவரோட வேலை செஞ்சவரும் 1914-ல அதுல இருந்து கொஞ்சூண்டு ஈயத்தைப் பிரிச்சு அளந்தாங்க. 208.4 வந்துச்சு. மாதிரி ரொம்பச் சின்னது, அதனால இலக்கம் கொஞ்சம் தூக்கல். ஆனா எந்தப் பக்கம் சாயும்னு அவர் சொன்னாரோ அந்தப் பக்கம்தான் சாஞ்சிருந்துச்சு.

பிறகு கிலோக் கணக்குல தோரைட் எடுத்து, அதுல இருந்து கூடுதலா ஈயம் பிரிச்சு, சுத்தமாக்கி, உலோகமா வார்த்து, சொடி ஒரு அழகான வேலை செஞ்சார். அடர்த்தியை அளந்தார்.

ஏன் அடர்த்தி? இதைக் கவனமாப் பாருங்க, எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம். சமதானிகளுக்கு அணுவோட வெளிப் பக்கம் ஒண்ணுதான், அப்போ அணு பிடிக்கிற இடமும் ஒண்ணுதான். ஒரே இடத்துல கனமான அணு உக்காந்தா அடர்த்தி அதே விகிதத்துல கூடணும். சாதாரண ஈயம் 11.346. சிலோன் தோரைட் ஈயம் 11.376. 207.2-ஐ 11.376-ஆல பெருக்கி 11.346-ஆல பிரிங்க. 207.75 கிட்ட வரும். சொடி 1917-ல எழுதினது 207.74. அந்த ஈயத்தையே ஓட்டோ ஹோனிக்ஷ்மிட் ரசாயன முறையில தனியா அளந்தார், 207.77.

ரெண்டு வேற வேற வழி. இலக்கம் ரெண்டும் கை கோத்துக்கிட்டு வந்து நிக்குது. இதை வாசிச்ச ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, உண்மையாத்தான் சொல்றேன்.

ஹோனிக்ஷ்மிட்டைச் சொன்னா இன்னொரு பேரையும் சொல்லியே ஆகணும். ஸ்டெஃபானி ஹோரோவிட்ஸ். வியன்னாவுல அவரோட சேர்ந்து, யோக்கிம்ஸ்தால் யுரேனியக் கல்லுல இருந்து ஈயம் பிரிச்சு 1914-ல 206.73னு அளந்தவங்க. கிலோக் கணக்கான கழிவுக் கல்லுல இருந்து ஒரு துளி கலப்படம் இல்லாம ஈயத்தை எடுக்கிறதுக்கு எவ்வளவு பொறுமை வேணும்னு ஆய்வுகூடத்துல நின்னவங்களுக்குத் தெரியும். யூதப் பெண். 1942-ல ட்ரெப்ளிங்கா வதைமுகாம்ல கொன்னுட்டாங்க. சொடிக்கு 1921-க்கான நோபல் பரிசு கிடைச்சது. இவங்க பேர் எந்தப் பாடப் புத்தகத்துல இருக்கு?

இப்போ திரும்ப 1914-க்கு வாங்க. அமெரிக்காவுல ஹார்வர்ட். தியோடர் ரிச்சர்ட்ஸ், அணுத்திணிவு அளக்கிறதுல அந்தக் காலத்துல அவரை அடிச்சுக்க ஆள் இல்லை. மாக்ஸ் லெம்பர்ட்டோட சேர்ந்து பல நாட்டுக் கதிர்த்தொழிற்பாட்டுக் கல்லுல இருந்து ஈயம் எடுத்து வரிசையா அளந்தார். வட கரோலைனாக் கல்லு 206.40. கொலராடோக் கல்லு 206.59. அந்த வரிசையில நம்ம தோரியனைட்டும் இருந்துச்சு. 206.82. அவர் அளந்த சாதாரண ஈயம் 207.15.

பார்த்தீங்களா என்ன நடந்திருக்குன்னு?

ஒரே தீவு. தோரைட் ஈயம் 207.77, தோரியனைட் ஈயம் 206.82. ஒண்ணு கடை ஈயத்துக்கு மேல, இன்னொண்ணு கீழ! ரெண்டும் ஈயம், ரெண்டும் அதே மாதிரி மஞ்சள் அயடைட் வீழ்படிவு கொடுக்கும், ரெண்டையும் ஆய்வுகூடத்துல வச்சா எது எதுன்னு ரசாயனத்தால சொல்ல முடியாது. தராசுதான் சொல்லும்.

தோரியனைட்டுல தோரியம்தானே அதிகம், அப்போ ஏன் ஈயம் லேசாப் போச்சுன்னு கேப்பீங்க (வகுப்புலயும் கேட்டாங்க). அதுல யுரேனியமும் கணிசமா இருக்கு. யுரேனியம் அவசரக்காரன். அரைவாழ்வுக் காலம் யுரேனியம்-238-க்கு ஏறத்தாழ 447 கோடி வருசம், தோரியத்துக்கு 1,400 கோடி. ஒரே அளவு வச்சா யுரேனியம் மூணு மடங்கு வேகமா ஈயமா மாறும். அதனால கொஞ்ச யுரேனியமே 206-ஐக் குவிச்சுத் தள்ளிடும்.

அப்போ கடை ஈயம் மட்டும் ஏன் எங்கேயும் ஏறக்குறைய 207.2? ஈயத் தாது படிஞ்ச இடத்துல யுரேனியமும் தோரியமும் பெரிசா கிடையாது. பல கல்லுல இருந்து கரைஞ்சு கலந்து வந்த ஈயம் ஓரிடத்துல படிஞ்சுது, அதுக்குப் பிறகு அதோட விகிதம் அப்படியே உறைஞ்சு போச்சு. கலவை பெரிசானதால இலக்கமும் அதிகம் ஆடல. ஆனா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

ஆக, பிள்ளையோட கேள்விக்குப் பதில்: ஒண்ணு இல்லம்மா. ஈயத்துக்கு எங்கே பிறந்தோம்ங்கிறது முக்கியம்.

இதை நான் மட்டும் சொல்லல. அணுத்திணிவை முடிவு பண்ணுற சர்வதேச அமைப்பு, தூய மற்றும் பயன்முறை ரசாயன ஒன்றியம், ஈயத்துக்கு இப்போ ஒத்தை இலக்கத்தை விட்டுட்டு ஒரு வீச்சே போட்டிருக்கு. 206.14-ல இருந்து 207.94 வரைக்கும். 2021-ல வெளியிட்டாங்க. இலங்கைக் கல்லு ரெண்டும் அந்த வீச்சுக்குள்ளேயே அடங்கிருச்சு, சரிபார்த்துக்குங்க. குளோரினுக்கும் வீச்சுத்தான், மக்னீசியத்துக்கும் வீச்சுத்தான்.

மக்னீசியம்னவுடனே மாத்தளைக்கு வந்துட்டேன். நம்ம மாவட்டத்துல டொலமைட் வெட்டுறாங்க, அரைச்சுத் தேயிலைக்குப் போடுற அதே டொலமைட். அதுக்குள்ள இருக்கிறது கல்சியமும் மக்னீசியமும். மக்னீசியத்துக்கு மூணு சமதானி: 24 வந்து 78.99 வீதம், 25 வந்து 10.00, 26 வந்து 11.01. திணிவு 23.985, 24.986, 25.983. பெருக்கிக் கூட்டினா 18.946, 2.499, 2.861. மொத்தம் 24.306 மாதிரி வரும், தசமத்தைச் சரியா வச்சா 24.305. இதோட வீச்சு 24.304-ல இருந்து 24.307. எவ்வளவு ஒடுக்கம் பாருங்க! மக்னீசியத்தைப் புதுசா பெத்துப் போடுற யுரேனியமோ தோரியமோ கிடையாது, அதனால அது ஊருக்கு ஊர் பெரிசா மாறாது. ஈயம் மாதிரி ஆட்டம் ஆடாது.

அதனால என்னோட வகுப்புல இனிமே இந்தப் பாடம் குளோரின்ல தொடங்கி நம்ம தோரைட்டுல முடியும்னு முடிவு பண்ணிட்டேன். இலங்கையில கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற மத்த ஆசிரியர்மாரையும் கேட்டுக்கிறேன், ஒரு கால் மணித்தியாலம் போதும், சொல்லிக் குடுங்க. குமாரசுவாமி பேரையும் சேர்த்துச் சொல்லுங்க.

தலைகீழ்க் கணக்கையும் போட வைங்க, வீதம் தராம சராசரியை மட்டும் தந்து. தோரைட் ஈயத்துல 206-உம் 208-உம் மட்டும்தான் இருக்குன்னு வச்சுக்குவோம் (207 கொஞ்சம் இருக்கும், இப்போதைக்கு விட்டுருங்க). திணிவு 205.974, 207.977. ரெண்டுக்கும் இடைவெளி 2.003. சராசரி 207.77, அது 207.977-க்கு 0.207 கீழே இருக்கு. 0.207-ஐ 2.003-ஆல பிரிச்சா 0.10. அப்போ 206 வந்து 10 வீதம், 208 வந்து 90 வீதம். தோரியத்தோட பிள்ளைங்க 90, யுரேனியத்தோட பிள்ளைங்க 10. ஒரு ஈயத்துண்டைத் தராசுல போட்டு அதோட தாய் தகப்பன் யாருன்னு கண்டுபிடிச்சாச்சு.

தோரியனைட்டுக்கு நீங்க போடுங்க. அதே ரெண்டு திணிவு, சராசரி 206.82. கல்குலேட்டர் இல்லாமலே வரும். 206-க்கு 58, 208-க்கு 42 வந்தா சரி. வேற ஏதாவது வந்தா கீழே உங்க வழியை எழுதுங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து பார்க்கிறேன்.